செவிலிக்கு ஒரு செவிலித்தாய்

(பெருமாள்மலையில் கூடிய நமது சங்கத்து வருஷாந்தர மகாநாட்டில், மாதர் பகுதியில், ஓய்வுபெற்ற செவிலியராகிய ஒரு சகோதரி நிகழ்த்திய பிரசங்கம்)

  

மேடையேறிப் பேசிப் பழக்கமில்லாதவள் நான். முப்பத்தாறு வருஷ காலம் ஆஸ்பத்திரிகளில், அதிலும் பெரும்பாலும் இரவு நேரங்களில், உறங்கும் நோயாளிகள் விழித்துக்கொள்ளாதபடி மெல்லப் பேசியே பழகியவள். ஆகவே, என் குரல் பின்வரிசைக்கு எட்டாதொழியின் பொறுத்தருள வேண்டுகின்றேன்.

இன்று காலை இவ்விடத்தில் நிகழ்ந்த வைபவத்தைத் தாங்கள் யாவரும் கண்டீர்கள். நமது கல்வி நிதியின் உதவிபெற்றுச் செவிலியர் படிப்பை முடித்த ஐந்து பெண்களுக்குச் சால்வை போர்த்தி, வெள்ளிக் குத்துவிளக்கு ஒவ்வொன்று வழங்கினோம். புகைப்படமும் எடுத்தாயிற்று. அது நமது சஞ்சிகையின் முகப்பில் வெளிவரும். நானும் மனமகிழ்ந்து கைதட்டினேன். ஆயினும் கைதட்டும்பொழுதே என் நெஞ்சில் ஒரு கேள்வி எழுந்தது. அடுத்த மாதம் இப்பெண்கள் எங்கே இருப்பார்கள்? எந்த ஊர் ஆஸ்பத்திரியில், எந்த அறையில், எவர் துணையோடு படுத்துறங்குவார்கள்? படிப்புச் செலவைக் கணக்கிட்டுக் கொடுத்த நம் காரியதரிசி அவர்களிடம் இதைக் கேட்டேன். அவர் நல்லவர், பொய் சொல்லத் தெரியாதவர். "அதற்கு நம்மிடம் பதிவேடு இல்லையே அம்மா" என்றார். அப்பதிவேடு இல்லாமையே இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

ஒரு காலத்தில் நம் குலத்துப் பெண் நர்ஸ் வேலைக்குப் படிக்கப் போகிறாள் என்றால் ஊரார் மூக்கின்மேல் விரல் வைப்பார்கள். பிறர் உடம்பைத் தொடுவதும், இரவில் வீட்டுக்கு வெளியே தங்குவதும் குலப்பெண்ணுக்கு அடாது என்பது அவர்கள் வாதம். இது நம்மிடம் மட்டும் இருந்த குறையன்று. ஆங்கில தேசத்திலும் 1860-ம் ஆண்டில் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் லண்டன் செயிண்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் பயிற்சிப் பள்ளி தொடங்கும் வரையில், கௌரவமான குடும்பத்துப் பெண்கள் பெரும்பாலும் இத்தொழிலை ஏறிட்டும் பார்த்ததில்லை. சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் 1871-ல் பயிற்சி தொடங்கியபொழுது சேர்ந்தவர்கள் நால்வரே. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-ல் செவிலியர் பள்ளியை நிறுவினார். பிரசவ வேதனையிலிருந்த மூன்று பெண்களை, ஆண் வைத்தியர் தொடலாகாது என்று அவர்கள் வீட்டார் தடுத்தமையால், ஒரே இரவில் மூவரும் மாண்ட செய்தி அவருடைய இளமையில் நிகழ்ந்தது. அதுவே அவரை மருத்துவராக்கியது. அந்த அம்மையார் தமது முதுமையில் நம் கொடைக்கானலிலேயே வாழ்ந்து, 1960-ல் அங்கேயே காலமானார் என்பதை இங்குள்ள இளையோர் பலர் அறியார்கள்.

வேலூரில் பட்டப் படிப்பு 1946-ல் தொடங்கியது. அதே ஆண்டில் வெளிவந்த போர் கமிட்டியின் அறிக்கை, அக்காலத்து இந்தியாவில் 43,000 ஜனங்களுக்கு ஒரு நர்ஸ் வீதமே இருந்ததாகக் கணக்கிட்டது. அந்தப் பஞ்சம் இன்று அவ்வளவில் இல்லை. நம் நாட்டில் தெருவுக்குத் தெரு செவிலியர் கல்லூரி தோன்றியிருக்கிறது. சிலவற்றில் நோயாளியைக் காட்டிலும் மாணவிகள் அதிகம். அவ்விஷயத்தைப் பற்றி இப்பொழுது வாய் திறவேன்.

இன்றுள்ள குறை வேறு. பெண்கள் படித்து முடிக்கிறார்கள், கிராமத்து ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், ஓர் ஆண்டு முடியுமுன்னே திரும்பி வந்துவிடுகிறார்கள். ஏன்?

நமது தமிழ்நாட்டில் இன்று நூற்றுக்கு 99 பிரசவங்களுக்கு மேல் ஆஸ்பத்திரியிலேயே நிகழ்கின்றன. இது சாமானியமான சாதனையன்று. இதற்கு ஒரு முக்கிய காரணம், ஆரம்ப சுகாதார நிலையங்களில் மும்மூன்று செவிலியரை நியமித்து, இருபத்துநான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்க வழி செய்ததாகும். நல்ல ஏற்பாடு. ஆனால் சற்றே கணக்கிட்டுப் பாருங்கள். மூவர் முறைவைத்துப் பணிபுரிந்தால் இரவில் இருப்பவர் ஒருவரே. மருத்துவர் இரவில் ஊரிலேயே தங்கியிருப்பார் என்பது நிச்சயமில்லை. அந்த ஒருவர் நேற்றுத்தான் பட்டம் பெற்ற இருபத்திரண்டு வயதுப் பெண்ணாகவும் இருக்கக்கூடும். கல்லூரியில் அவளைச் சுற்றி ஆசிரியைகள் இருந்தார்கள், தோழிகள் இருந்தார்கள், மூத்த செவிலியர் இருந்தார்கள். இங்கே அவளும், ஓர் உதவியாளும், ஒரு மின்விளக்கும். அவ்விளக்கும் மழை பெய்தால் அணைந்துவிடும். பிரசவத்திற்குப்பின் உதிரப்போக்கை நிறுத்தும் ஆக்ஸிடோசின் என்னும் மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிர்ச்சியில் வைத்திருத்தல் வேண்டும். மின்சாரம் நின்றால் அவள் மருந்தைப் பார்ப்பாளா, தாயைப் பார்ப்பாளா?

அமெரிக்க தேசத்தில் மார்லீன் கிரேமர் என்னும் அம்மையார் இவ்விஷயத்தை ஆராய்ந்து 1974-ல் ஒரு நூல் எழுதினார். பள்ளியில் கற்ற செவிலிமைக்கும் வார்டில் காணும் செவிலிமைக்கும் இடையே உள்ள பள்ளத்தில் புதிய நர்ஸ் விழுந்துவிடுகிறாள் என்பதும், அவ்வதிர்ச்சியாலேயே பலர் தொழிலை விட்டு விலகுகிறார்கள் என்பதும் அவர் கண்ட முடிவு. யான் அந்நூலின் பெயரைக் கேள்விப்படுவதற்கு வெகுகாலம் முன்னரே அப்பள்ளத்தில் விழுந்து எழுந்தவள். சுயசரிதம் கூறுகிறேன் என்று எண்ணாதிருக்க வேண்டும்.

1983-ம் ஆண்டு. மதுரையில் பயிற்சி முடித்து, சமவெளியில் ஒரு சிற்றூரில் இருபது கட்டிலுள்ள ஓர் ஆஸ்பத்திரியில் அமர்ந்தேன். அதன் பெயர் வேண்டாம். எனக்குக் கொடுத்த அறை மருந்துக் கிடங்கின் பின்புறம், தகரக் கூரை, கதவுக்குத் தாழ்ப்பாள் உடைந்திருந்தது. இரவில் ஒரு நாற்காலியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டுப் படுப்பேன். வேலைக்குச் சேர்ந்த பதினேழாம் நாள் இரவு, நான்காம் பிள்ளை பெற்ற ஒரு தாய்க்கு உதிரம் பெருகிற்று. பெருகினால் இரண்டு மணி நேரத்துக்குள் உயிரே போய்விடும் என்று பாடத்தில் எழுதி நூற்றுக்கு எண்பது மதிப்பெண் வாங்கியவள் நான். பிறர் அதைத் தடுத்து நிறுத்தியதை மூன்று தடவை பக்கத்தில் நின்று பார்த்துமிருந்தேன். என் கையால் செய்ததில்லை. வைத்தியர் வீடு எட்டு மைலுக்கப்பால். தொலைபேசியில் ஓசையே இல்லை. 108 வண்டி நம் தமிழ்நாட்டுக்கு வந்தது 2008-ல் அல்லவா? அன்று அவ்வித உதவி ஏதுமில்லை. என் கைகள் நடுங்கின.

ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்த ஒரு கிழவி, எழுத்து வாசனையில்லாதவள், என் தோளைப் பிடித்து, "பாப்பா, நடுங்காதே. அடிவயித்தைக் கெட்டியாப் பிடிச்சுத் தேய்ச்சுவிடு. ஊசியை நான் எடுத்துத் தாரேன்" என்றாள். நான் படித்திருந்ததும் அதுவேதான். ஆனால் அவள் சொன்ன பிறகுதான் என் கைக்கு அது வந்தது. அந்தத் தாய் பிழைத்தாள்.

மறுநாட் காலையில் எவரும் என்னை, "பயந்தாயா?" என்று கேட்கவில்லை. அந்தக் கலவரத்தில் ஒரு குளூக்கோஸ் கண்ணாடிப் புட்டி கீழே விழுந்து உடைந்திருந்தது. அதன் விலையை என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்கே என் தகப்பனாருக்குக் கடிதம் எழுதினேன். என்னை அழைத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று.

பெருமாள்மலையிலிருந்து பஸ் பிடித்து, வத்தலக்குண்டில் மாறி, மூன்றாம் நாள் அப்பா வந்து சேர்ந்தார். வந்தவர் பெட்டியைக் கட்டச் சொல்லவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, "அம்மாடி, உனக்கு வேலை பிடிக்கலையா, ராத்திரி பிடிக்கலையா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். வேலை எனக்குப் பிடித்திருந்தது. இரவுதான் பிடிக்கவில்லை. அப்படியே சொன்னேன். அவர் எழுந்து தெருவுக்குள் போனார். மாலையில் திரும்பி வந்து, அந்த ஆயாவின் தமக்கை, தனியாயிருக்கும் விதவை, தன் வீட்டில் எனக்கு இடம் தருவதாகச் சொன்னார். வாடகையும் பேசி முடித்திருந்தார்.

அவர்கள் எந்தக் குலத்தவர் என்பதை இங்கே கூறவேண்டுவதில்லை. அந்நாளில் நம்மவர் எவரும் தண்ணீர் வாங்கிக் குடியாத வீடு அது. இவ்வளவு போதும். அப்பா அன்றிரவு அவ்வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் ஊர் திரும்பினார். விவரம் தெரிந்து என் தாயார் நான்கு நாள் அவரோடு பேசவில்லையாம். நான் அவ்வீட்டில் பதினான்கு மாதம் இருந்தேன். இரவுப்பணி முடிந்து வந்தால் வெந்நீர் காய்ந்திருக்கும். "இன்னைக்கு எத்தனை பிள்ளை தாயி?" என்று அந்த அம்மாள் கேட்பாள். அவள் கேட்டது அவ்வளவே. அதற்குப் பதில் சொல்லிச் சொல்லியே நான் நர்ஸ் ஆனேன்.

நம் பழைய இலக்கியங்களில் செவிலி என்னும் சொல் தலைவியை வளர்த்த தாயைக் குறிக்கும். இக்காலத்தில் அச்சொல்லை நோயாளியைப் பேணுபவளுக்கு வழங்குகிறோம். பொருத்தமான பெயர்தான். ஆனால் நோயாளிக்குச் செவிலியாகச் செல்லும் அச்சிறுபெண்ணுக்கு முதலாண்டில் ஒரு செவிலித்தாய் வேண்டியிருக்கிறது. எனக்கு வாய்த்தது. வாய்க்காதவர்கள் திரும்பி வந்தார்கள். அவர்களை மனவுறுதியற்றவர்கள் என்று சொல்லுவோருண்டு. அது அநியாயம்.

இனி நம் மலையைப் பற்றிச் சொல்லுகிறேன். பெருமாள்மலை முச்சந்தியில் நின்று பார்த்தால் ஒரு பாதை வத்தலக்குண்டுக்கு இறங்குகிறது, ஒன்று பழனிக்குப் போகிறது, ஒன்று கொடைக்கானலுக்கு ஏறுகிறது. அடுக்கம் வழியாகப் பெரியகுளத்துக்கும் வழியுண்டு. நமக்குக் கொடைக்கானல் ஆஸ்பத்திரி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது. ஆகையால் கஷ்டம் தெரிவதில்லை. ஆனால் தாண்டிக்குடிப் பக்கமும், கே.சி.பட்டிப் பக்கமும், மேலே மன்னவனூர், பூம்பாறைப் பக்கமும் உள்ள ஜனங்களை எண்ணிப் பாருங்கள். வெள்ளகவி போன்ற ஊர்களில் நோயாளியை டோலி கட்டித் தூக்கிச் செல்லும் வழக்கத்தை நாமே கண்டிருக்கிறோம். இப்பிரதேசத்துக்கு உத்தியோகம் பெற்று வரும் சமவெளிப் பெண்ணுக்கு நம் குளிர் புதிது, மூடுபனி புதிது, அந்தியில் பாதையை மறித்து நிற்கும் காட்டெருமையும் புதிது. மாலையில் கடைசி பஸ் போய்விட்டால் கையிலுள்ள தொலைபேசிக்கு அலைவரிசை கிடைக்குமா என்று மேட்டின்மேல் ஏறிப் பார்க்கவேண்டும். இத்தனையையும் அவள் சகித்துக்கொள்வாள். சகிக்கமுடியாதது வேறொன்று.

சென்ற ஐப்பசியில் இம்மலையில் ஒரு கிராமத்துக்கு அவ்விதம் ஒரு பெண் வந்தாள். குடியிருக்க வீடு தேடி மூன்று வீடுகளின் கதவைத் தட்டினாள். மூன்றிலும் அவளைக் கேட்ட முதற் கேள்வி, "நீங்க என்ன ஆளுங்க?" என்பது. அம்மூன்று வீட்டில் ஒன்று நம்மவர் வீடு. அவர் பெயரைச் சொல்லேன். வீடு கிடைக்காமல் அப்பெண் வத்தலக்குண்டிலிருந்து தினமும் பஸ்ஸில் ஏறி இறங்கினாள். இரவுப்பணியன்று மாலை நான்கு மணிக்கே வந்து, மறுநாள் பத்து மணிவரை காத்திருப்பாள். இரண்டு மாதம் சகித்தாள். பிறகு வரவில்லை. அவ்விடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. அவ்வூரில் பிரசவ வேதனை கண்டால் இப்பொழுது இரவோடிரவாக மலையேற்றிக் கொண்டுபோகிறார்கள். வாடகைக்கு வீடு மறுத்தவர் வீட்டிலும் ஒரு மருமகள் ஆறு மாதக் கர்ப்பமாயிருக்கிறாள் என்று கேள்வி.

இதைவிட எனக்கு வெட்கம் தந்த செய்தி ஒன்றுண்டு. மூன்று வருஷத்துக்கு முன் நம் பெண் ஒருத்திக்கு வேறொரு ஜில்லாவில் இதேவிதமாக வீடு மறுக்கப்பட்டதாகச் சங்கத்துக்குக் கடிதம் வந்தது. நாம் கொதித்தெழுந்து கண்டனத் தீர்மானம் நிறைவேற்றினோம். அத்தீர்மானத்தை இதே மண்டபத்தில் எழுந்து நின்று வாசித்தவள் நானே.

இது முடியாத காரியமா? பக்கத்திலேயே பார்க்கலாம். சௌந்தரம் ராமச்சந்திரன் அம்மையார், செல்வக் குடியிற் பிறந்து, இளமையிலேயே கைம்பெண்ணாகி, டெல்லியில் மருத்துவம் கற்றுத் தேர்ந்தவர். நம் மலையின் அடிவாரத்துக்கு அப்பால் சின்னாளபட்டிப் பக்கத்தில் அவர் சிறு மருந்தகமாகத் தொடங்கியதே காந்திகிராமத்துக் கஸ்தூரிபா ஆஸ்பத்திரி. கிராமத்துப் பெண்களையே பயிற்றிக் கிராமத்துப் பணியில் அமர்த்துவது அவர் கொள்கை. ஒட்டன்சத்திரத்தில் 1955-ல் தாரியன், ஜேக்கப் செரியன் என்னும் இரு மருத்துவர்கள் கிறிஸ்தவ ஐக்கிய ஆஸ்பத்திரியை நிறுவினார்கள். நம்மவர் எத்தனையோ பேர் அங்கே பிழைத்தெழுந்திருக்கிறார்கள். தருமபுரி ஜில்லா சித்திலிங்கிப் பள்ளத்தாக்கில் மருத்துவர் ரெஜியும் அவர் மனைவியார் மருத்துவர் லலிதாவும் 1993-ல் ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கினார்கள். அப்பொழுது அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 ஓராண்டுக்குள் மடிந்தன என்பர். அவர்கள் வெளியூர் நர்ஸுகளுக்காகக் காத்திராமல், அப்பள்ளத்தாக்கின் பழங்குடிப் பெண்களையே தேர்ந்தெடுத்து, பக்கத்தில் நின்று கற்பித்து, பிரசவம் பார்க்கவும் அறுவைக்கு உதவவும் வல்லவர்களாக்கினார்கள். அங்கே குழந்தை மரணம் வெகுவாகக் குறைந்துவிட்டது. அப்பெண்கள் ஊரைவிட்டுப் போகவில்லை. போவானேன்? இரவில் அழைத்தால் வரும் ஒருவர் அவர்களுக்கு இருந்தார், திரும்பிப்போக ஒரு வீடும் இருந்தது.

சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2015-ல் தமிழ்நாட்டில் அரசாங்கம் தேர்வு வைத்து நியமித்த ஆயிரக்கணக்கான செவிலியருக்கு மாதம் 7,700 ரூபாயே தொகுப்பூதியம். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் திரண்டு வேலைநிறுத்தம் செய்ததைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். ஊதியம் பின்னர் உயர்ந்தது. தனியார் ஆஸ்பத்திரிகளைப் பற்றி, சுப்ரீம் கோர்ட்டின் 2016-ம் ஆண்டு உத்தரவின்பேரில் அமைந்த கமிட்டி, 50 கட்டிலுக்குக் குறைந்த ஆஸ்பத்திரியிலும் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்று சிபாரிசு செய்தது. சிபாரிசு சிபாரிசாகவே பல இடங்களில் நிற்கிறது. மூலச் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு, இரண்டு வருஷம் போகலாகாது என்று கையெழுத்து வாங்கும் இடங்களும் உண்டு. நம் சங்கத்தில் வக்கீல்கள் பதினொருவர் இருக்கிறார்கள். நிலத்தகராறுகளில் காட்டும் சாமர்த்தியத்தில் பத்தில் ஒரு பங்கை, இப்பெண்கள் கையெழுத்திடுமுன் அந்தக் காகிதத்தைப் படித்துச் சொல்வதில் காட்டலாகாதா?

தாய்மார்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும், கோபித்துக்கொள்ள வேண்டாம். பெண் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதமே ஜாதகத்தைக் கையிலெடுக்கிறோம். வரும் சம்பந்திகளோ, "இரவுப்பணி உண்டா?" என்று கேட்கிறார்கள். அவ்வாறு கேட்பவர் வீட்டுக்கு உடம்புக்கு வந்தால் ஆஸ்பத்திரியில் இரவில் எவள் விழித்திருப்பாள் என்று எண்ணுகிறார்களோ அறியேன். முதலாண்டு முடியும் வரையிலாவது கல்யாணப் பேச்சைத் தள்ளிவையுங்கள். அந்த ஓராண்டில்தான் கை நிலைபெறுகிறது. வெளிநாடு போவதையும் நான் தடுப்பவளல்லள். வளைகுடாவுக்கும் சீமைக்கும் போய், குடும்பத்தின் கடன் தீர்த்த பெண்கள் நம்மில் பலர். அனுபவம் பெற்று, நிமிர்ந்த தலையோடு போகட்டும். பயந்து ஓடும் பெண்ணைத் தரகர்கள் எளிதில் பிடித்துக்கொள்கிறார்கள்.

நான் கேட்பவை பெரிய செலவுள்ளவை அல்ல. காரியதரிசி அவர்கள் இன்றே ஒரு பதிவேடு தொடங்கட்டும். நம் நிதியில் படித்த பெண் எந்த ஊரில் பணியேற்கிறாள், எங்கே தங்குகிறாள் என்பதை அதில் எழுதட்டும். ஓய்வுபெற்ற செவிலியர் நம்மில் ஏழு பேர் இருக்கிறோம். ஆளுக்கு ஒருத்தியாகவோ இருவராகவோ ஏற்றுக்கொண்டு, நள்ளிரவில் தொலைபேசி அடித்தாலும் எடுத்துப் பேசுவோம். நோயாளியின் பெயரைக் கேட்கமாட்டோம். அது தொழில் தர்மம். மருந்து விஷயத்தில் மருத்துவருக்கு மேல் தீர்ப்புச் சொல்லவும்மாட்டோம். "கை நடுங்குகிறது" என்றால், "தேய், தேய்த்துக்கொண்டே எனக்குச் சொல், நான் இருக்கிறேன்" என்று சொல்ல ஒரு குரல் வேண்டும். அதற்கு நாங்கள் போதும். மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் நேரிற் போய் அவள் அறைக் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வரவும் வேண்டும். இதைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

கடைசியாக, வீடு. கீழ்த்தெருவிலுள்ள என் வீட்டு மாடியில் இரண்டு அறைகள் இருக்கின்றன. என் மக்கள் வெளியூரிலிருப்பதால் அவை பூட்டிக் கிடக்கின்றன. இப்பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்கு வரும் புதிய நர்ஸ் எவளாயினும் முதலாண்டு அங்கே தங்கலாம். எந்தக் குலம் என்று நான் கேட்கப்போவதில்லை. சங்கமும் கேட்கலாகாது என்பது என் நிபந்தனை. நம் நிதியிலிருந்து வாடகை தருவதாக நேற்று நிர்வாகக் கமிட்டியில் சிலர் சொன்னார்கள். அப்படியானால் நம் குலத்துப் பெண்ணுக்கு மட்டும் என்று விதி போடுவீர்கள். ஆகையால் வாடகை வேண்டாம். கமிட்டியில் இது குறித்து அபிப்பிராய பேதம் இருப்பது எனக்குத் தெரியும். நாளைக் காலைக் கூட்டத்தில் விவாதியுங்கள், நானும் வருவேன். இதற்கிடையில், சித்திரையில் வீடு கிடைக்காமல் தவித்த ஒரு பெண் முந்தாநாள் முதல் மேற்கு அறையில் குடியிருக்கிறாள். இன்று அவளுக்கு இரவுப்பணி. கிழக்கு அறையின் சாவி காரியதரிசி அவர்களிடம் கொடுத்திருக்கிறேன்.